சிறுநீர் சிவந்தால் அன்றைக்கே சொல்லுங்கள்

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்து நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். மாற்று முடிந்ததும் வீட்டார் எங்களிடம் கேட்பது, "கவுண்ட் ஏறிடுச்சா சிஸ்டர்?" என்பதுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் கவுண்ட், அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறத் தொடங்கும் அதே நாட்களில் இன்னொரு தொல்லை வரலாம். சிறுநீர்ப்பையின் உள்தோல் புண்ணாகி ரத்தம் கசிவதைச் சொல்கிறேன். முதலில் எரிச்சல், அடிக்கடி போகத் தோன்றுவது. அப்புறம் சிறுநீர் கறி கழுவிய தண்ணீர்போல வரும். முற்றினால் ரத்தக்கட்டியே விழும்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. மாற்றுக்கு முன்போ பின்போ சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்து தருகிறார்கள். பாதிப் பொருத்தம் உள்ள தாய், தகப்பன், கூடப்பிறந்தவரிடமிருந்து மஜ்ஜை செல் எடுக்கும்போது, பெரும்பாலும் செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் இது போகும். உடம்பு இந்த மருந்தை உடைக்கும்போது அக்ரோலின் என்றொரு கழிவு உண்டாகிறது. அது சிறுநீரோடு வந்து பையில் தங்கி உள்தோலைப் பொசுக்குகிறது. அதைத் தடுக்கத்தான் மெஸ்னா என்ற ஊசியும், இரவு பகலாக ஓடும் சலைனும். மெஸ்னா அக்ரோலினைப் பிடித்துக் கட்டிவிடும், சலைன் அதை அடித்து வெளியேற்றிவிடும். நடுராத்திரியில் எழுப்பி "யூரின் போயிட்டு வாங்க" என்று நாங்கள் சொன்னால் கோபப்படாதீர்கள். பை காலியாக இருப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது காரணம் பி.கே. வைரஸ். 1971-ல் லண்டனில் சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் கண்டுபிடித்தார்கள், அவருடைய பெயரின் முதலெழுத்துகளே வைரஸுக்குப் பெயராயின. நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் குழந்தைப் பருவத்திலேயே புகுந்து, சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் இது தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கும்போது விழித்துக்கொள்கிறது. மருந்தால் வரும் கசிவு சில நாட்களில் தெரிந்துவிடும். வைரஸால் வருவது வாரங்கள் கழித்து, சில சமயம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகும் வரும். எனக்கு அதிக பயம் இதில்தான், ஏனென்றால் அப்போது பக்கத்தில் நாங்கள் இருக்க மாட்டோம்.

வீட்டில் என்ன நடக்கிறது? "உடம்பு சூடு, நீர்க்கடுப்பு" என்று சொல்லி இளநீர் வெட்டித் தருகிறார்கள், சிறுநெருஞ்சில் கஷாயம் வைக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான். ஆனால் மாற்று செய்தவர் எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மாத்திரைகள் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இளநீரிலும் பொட்டாசியம் நிறைய. சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம். கஷாயமும் வேண்டாம், அது மாத்திரைகளோடு எப்படிச் சேரும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோபினாக், புரூபன் வாங்கிப் போடவே கூடாது. ரத்தக்கசிவும் கூடும், சிறுநீரகமும் கெடும். பெண்கள் பலர் மாதவிலக்கு என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள், ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சம் வேறு. சிஸ்டரிடம் சொல்லுங்கள் அம்மா, அது போதும். குழந்தையாக இருந்தால் ஒன்றுக்குப் போகும்போது அழுகிறதா என்று கவனியுங்கள். பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவப்பாகத் தெரியும்தான். அதை முடிவு செய்ய பரிசோதனை இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் செய்வது பெரும்பாலும் பொறுமையான வேலை. லேசான கசிவுக்கு சலைன், வலி மருந்து, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள். கட்டி விழத் தொடங்கினால் மூன்று வழி உள்ள தடித்த கதீட்டர் குழாயைப் போட்டு, அடைத்த கட்டிகளை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு வழியாக சலைனை உள்ளே விட்டு இன்னொரு வழியாக வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டே இருப்போம். சில நாட்களும் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கிலும் ஆகும். கூட இருப்பவர் ஒன்றை மட்டும் கவனித்தால் பெரிய உதவி: சலைன் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, வெளியே வரவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள். ட்யூபில் கட்டி அடைத்திருக்கும், பை உப்பி நோயாளி துடிப்பார். இதற்கும் கேட்காதபோது யூராலஜி டாக்டர் கேமரா குழாய் விட்டு, ரத்தம் கசியும் இடத்தைச் சுட்டு நிறுத்துவார். ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைக்கும் முறையும் உண்டு. பையையே எடுப்பது கடைசி வழி, அதுவரை போவது அபூர்வம்.

பி.கே. வைரஸை ஒழிக்க நிரூபணமான மருந்து இன்றுவரை இல்லை. சிடோபோவிர் என்ற மருந்தைச் சில இடங்களில் தருகிறார்கள், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. உண்மையில் வைரஸை அடக்குவது புது மஜ்ஜையிலிருந்து வளர்ந்துவரும் எதிர்ப்பு அணுக்கள்தான். அவை வலுப்பெற, எதிர்ப்பை அடக்கும் மாத்திரையை டாக்டர் சற்றுக் குறைப்பதுண்டு. அதிகம் குறைத்தால் கொடையாளியின் அணுக்கள் நோயாளியின் உடம்பையே தாக்கும். அதனால் மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.

கடலூர், பண்ருட்டி, சிதம்பரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அடுத்த ஓ.பி. செவ்வாய்க்கிழமைதானே என்று காத்திருக்க வேண்டாம். நிறம் மாறிய அன்றைக்கே வார்டு நம்பருக்குப் போன் செய்யுங்கள். கட்டி விழுந்தாலோ, சிறுநீர் நின்று அடிவயிறு உப்பினாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, ராத்திரியாக இருந்தாலும் வண்டி பிடித்துக் கிளம்பிவிடுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பப் பிளேட்லெட் தேவைப்படும். அதைச் சேமித்து வைத்தால் ஐந்து நாள்தான் தாங்கும். ஒருவரிடமிருந்தே மெஷின் மூலம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்தெடுக்கும் எஸ்.டி.பி. முறையில் கொடுக்க ஒன்றரை மணி நேரம் போல ஆகும், சிவப்பணுக்கள் உங்கள் உடம்புக்கே திரும்பிவிடும். பக்கத்து ரத்த வங்கியில் பெயரும் போன் நம்பரும் கொடுத்து வையுங்கள், தேவைப்படும்போது கூப்பிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.