காலடியில் கிடக்கும் ஓடு

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் இருந்து தேவகோட்டை வழியாக ராமநாதபுரம் போய், கிழக்கே திரும்பினால் அழகன்குளம், பழைய காலத்துத் துறைமுக ஊர். அங்குள்ள மேட்டுக்குக் கோட்டைமேடு என்று பெயர். அந்த மேட்டில் இருந்து வைகைக் கரையோடு ஆற்றங்கரை என்ற ஊருக்கு நடந்தால் கடல் வந்துவிடும். சின்ன நடைதான். வருடம் ஒரு முறையாவது நடந்துவிடுவேன்.

நடக்கும்போது பனைமரத்தைப் பாருங்கள், ஆனால் தரையையும் பாருங்கள். 1986-87இல் தொல்லியல் துறை இங்கே தோண்டத் தொடங்கியது. ரோமானியக் காசுகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்று எல்லாம் கிடைத்தன. கருப்பு சிவப்புப் பானை ஓட்டைக் கண்டால் உங்களுக்கே தெரியும். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்று போகாது, அதனால் அந்தக் கருப்பு.

போன தை மாதம் என் பேத்தி கூட வந்தாள். மழை அரித்த இடத்தில் குனிந்தவள், விரல் நீளத்தில் வளைந்த ஒரு வெள்ளைத் துண்டோடு நிமிர்ந்தாள். சங்கு வளையல். ஓரத்தில் அறுத்த கோடுகூட இருந்தது. "ஐயா, வீட்டுக்குக் கொண்டு போகவா?"

"வேண்டாம் ஆத்தா, இருந்த இடத்திலேயே வை."

முகம் வாடிவிட்டது. அப்போது எனக்கு நம் வீட்டு முறைச்சிட்டை ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்குக் கொடுத்த சாமான் எல்லாம் எழுதிய சிட்டை. அதில் ஒரு தாளை மட்டும் கிழித்து எடுத்தால் 'குத்துவிளக்கு 2' என்று இருக்கும். யார் கல்யாணம், எந்த வருடம் என்று தெரியாது. ஓடும் அப்படித்தான். மேலே எங்கே கிடக்கிறது என்பதை வைத்துத்தான் கீழே எங்கே தோண்டலாம் என்று பார்ப்பார்கள். திரும்பவும் சொல்கிறேன், எடுக்காதீர்கள். பார்க்க ஆசையா, ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பேத்தி அதை அதே பள்ளத்தில், அதே பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

கடற்கரைச் செடிகளைப் பற்றித்தான் நிறையப் பேச வந்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். மணலில் ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும் அடும்புக்கொடியை மிதிக்காமல் நடங்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். வெயிலுக்கு முன்னால், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். வணக்கம்.