எல்.டி.எச். கூடினால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயா?

வணக்கம் உறவுகளே. டச்சு விரிகுடாக் கரையிலிருந்து பேசுகிறேன். கச்சான் காற்று கமராவுக்குள் புகுந்து இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன், டொக்டர் இல்லை என்பது பழைய நேயர்களுக்குத் தெரியும்.

நிலாவெளித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற அவருடைய அப்பாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி இல்லை. இரத்தத்தில் எல்.டி.எச். கூடியிருக்கிறது. "புற்றுநோயா, அண்ணா?"

எல்.டி.எச். என்ற நொதியம் உடலின் எல்லா இழையங்களிலும் இருக்கிறது. ஈரல், இதயம், தசை என்று எங்கே கலம் சிதைந்தாலும் இரத்தத்தில் ஏறும். செங்குழியங்களுக்குள்ளும் நிறைய உண்டு. நரம்பு பிடிபடாமல் இழுத்து இழுத்து எடுத்த இரத்தத்தைச் சுழற்றி வைத்தால், மேலே வைக்கோல் நிறத்தில் நிற்கவேண்டிய தெளிநீர் இளஞ்சிவப்பாக நிற்கும். அதில் எல்.டி.எச். எகிறும். குழியம் உடைந்தது குழாய்க்குள், ஆளுக்குள் அல்ல! அந்த எண்ணை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இரத்தத்தைவிடச் சிறுநீரைச் சோதிப்பது நோய்க்கு இன்னும் கிட்டப் போகிறது. சிறுநீர்ப்பைக் கட்டி அதில்தானே நனைந்து கிடக்கிறது. கலங்களுக்கு இடையிலுள்ள பசையை அரித்துக் கட்டிக்கு வழிவிடும் ஹயலுரோனிடேஸ் என்ற நொதியம், வீரியமான கட்டிகளில் சிறுநீரில் கூடுகிறது. கலம் ஓயாமல் பிரிய உதவும் டெலோமரேஸ் என்ற நொதியத்தையும் தேடிப் பார்த்தார்கள். அதைக் கண்டறிந்தவர்களுக்கு 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் சிறுநீரில் தொற்று இருந்தால் வெண்குழியங்கள் வந்து குவியும், அவற்றிலும் டெலோமரேஸ் உண்டு. அதோடு நொதியம் என்பது புரதம், சூட்டில் கெட்டுவிடும். நம் திருகோணமலை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெந்து வரும் போத்தலில் எதை அளப்பது?

அதனால்தான் சிறுநீர்க் குழாய் வழியே மெல்லிய கமராவை விட்டுப் பார்க்கும் பரிசோதனை இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. சந்தேகமான இடத்தில் துண்டெடுத்தும் பார்க்கலாம். நுண்காட்டியில் சிறுநீர்க் கலங்களைப் பார்ப்பது வீரியக் கட்டியை நன்றாகப் பிடிக்கும், மந்தமான கட்டியைப் பல தடவை தவறவிடும்.

தம்பி, எல்.டி.எச். தாளை மடித்து வையுங்கள். என்னைப் பயமுறுத்துவது வலியில்லாத அந்தச் சிவப்புதான். ஒரு தடவை வந்து தானாக நின்றாலும் காட்டியே ஆகவேண்டும். பீட்ரூட் சாப்பிட்டேன் என்று சமாளிக்க விடாதீர்கள். கல்லோ கிருமியோ ஆகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும்.

கிளினிக்கில் பெயின்ட் வேலையைக் கட்டாயம் சொல்லுங்கள். சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டி வருவதை 1895இலேயே ஜேர்மனியில் லுட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிவைத்தார். பெயின்டைவிடப் பெரிய காரணம் புகைத்தல். அப்பா பீடி குடிப்பவர் என்றால் அதை அவர் வாயால் சொல்லமாட்டார், நீங்கள் கூடப் போங்கள்.