ஏலம் கூவுகிற தொண்டை

நடுவர் அவர்களுக்கு வணக்கம். பங்குத்தந்தைக்குத் தோத்திரம். என் அணி, எதிரணி, மணலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் என் சனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. எட்டு நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவில் பாட்டுக்கு உயிர் கொடுப்பது பயிற்சி பெற்ற பாடகர் குழுவா, கூடி நிற்கும் ஊர்க்குரலா என்பது தலைப்பு. நான் ஊர்க்குரல் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா நன்றாகத்தான் பேசினார். சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலும் சேர்ந்து வரும்போது நெஞ்சு நிறையும் என்றார், நிறையும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டார். "காலையில் மீன் ஏலம் கூவுகிற தொண்டை சாயங்காலம் கோவிலில் பாடினால், பாட்டும் ஏலம் மாதிரிதான் இருக்கும்." நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். ஏலம் போடுகிற அண்ணன்மார்களே கைதட்டினார்கள், நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதைத் தாண்டி என்னால் மேலே போக முடியவில்லை நடுவர் அவர்களே. எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன்.

அக்கா, அந்தத் தொண்டையைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? விடிந்தும் விடியாத நேரம், வாடைக்காற்று முகத்தில் அறைகிறது, ஐஸ் உடைக்கிற சத்தம் ஒரு பக்கம், லாரி சத்தம் ஒரு பக்கம், அதற்கு நடுவில் மைக் இல்லாமல், கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் விலை காதில் விழவேண்டும். நூறு, நூற்றிப்பத்து, நூற்றிருபது என்று அவர் ஏற்றிக்கொண்டு போகும்போது ஓர் இடத்தில்கூடத் தாளம் தப்பாது, தப்பினால் கேட்கிற ஆள் குழம்பிப்போவார். அடிவயிற்றிலிருந்து வருகிற குரல் அது. உங்கள் பாட்டு வாத்தியார் ஆறு மாதமாக அடிவயிற்றிலிருந்து பாடு, அடிவயிற்றிலிருந்து பாடு என்று பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாரே, அதேதான்.

மூச்சுப் பயிற்சி என்றும் சொன்னீர்கள். தென்கடலில் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிற நம் பெண்கள் விரலில் துணியைச் சுற்றி, கண்ணில் கண்ணாடியை மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு பாறைக்குப் பாறை முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடற்பாசிகளைப் பறித்து வருகிறார்கள். இவர்களுக்கா மூச்சு போதாது? அந்தப் பெண்கள் கோவிலில் வாய் திறக்காமல் நிற்பதற்குக் காரணம் நீங்கள் அஞ்சரைக் கட்டையில், அவ்வளவு உச்சமான சுருதியில், பாட்டை எடுப்பதுதான். எங்கள் அண்ணன்மார் பாவம், முதல் வரிக்கே எட்டிப் பிடிக்க முடியாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு பாட்டு ஊர் வாய்க்குப் பழகுவதற்குள் அடுத்த ஞாயிறு வேறு பாட்டு வந்துவிடுகிறது, புத்தகத்திலும் இருக்காது. அப்புறம் சனம் பாடவில்லை, சனத்துக்குப் பக்தி இல்லை என்றால் எப்படி?

இன்னொன்றும் கேளுங்கள். கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்களே, அது எப்படி நடக்கும்? ஒருவர் ஒரு வரி எடுப்பார், கயிற்றைப் பிடித்திருக்கிற அத்தனை பேரும் பதில் சொல்வார்கள், பதில் விழுகிற இடத்தில்தான் கை இழுக்கும். தனியாக ஒருவர் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் வலை ஒரு முழம் நகராது. திருப்பலியில் முதல் வாசகத்துக்குப் பிறகு பதிலுரைப் பாடல் வருகிறதே, அதுவும் இப்படித்தானே? ஒருவர் திருப்பாடலை எடுக்கிறார், சபை பல்லவியைத் திருப்பிச் சொல்கிறது. அது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை. நம் பாட்டன் பூட்டன் கயிற்றில் கற்றதை நாம் பீடத்துக்கு முன்னால் செய்கிறோம்.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனை உயர்வாகச் சொல்லியிருக்கிறது என்று எதிரணித் தலைவர் சொன்னார். உண்மை. 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த திருவழிபாட்டு ஏடு அது. ஆனால் பாடகர் குழுக்களை வளர்க்கச் சொல்கிற அதே பத்தியில், பாடுகிற வழிபாட்டில் சபை முழுவதும் தனக்குரிய பங்கைச் செலுத்த ஆயர்களும் குருக்களும் முயல வேண்டும் என்றும் இருக்கிறது. தலைவர் ஆர்கனோடு நிறுத்திக்கொண்டார். சரி, ஏட்டை விடுவோம், நான் கதைக்கு வருகிறேன்.

2014, உயிர்ப்புப் பெருவிழாவின் பாஸ்கா இரவு, ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலே நாள், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கிறது, ஆண்கள் அத்தனை பேரும் கோவிலில். அந்த வருடம்தான் புதுக் கீபோர்டு வாங்கியிருந்தோம். தவக்காலம் நாற்பது நாளும் பாடகர் குழு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வானவர் கீதத்தை, 'உன்னதங்களிலே' என்று தொடங்குகிற அந்தப் புகழ்ப்பாட்டை, நாலு குரலில் பழகியிருந்தது. பெரிய வியாழன் வானவர் கீதத்துக்கும் பாஸ்கா இரவின் வானவர் கீதத்துக்கும் நடுவில் கோவில் மணி அடிக்காது, இசைக்கருவியும் பாட்டுக்குத் துணையாக மட்டும்தான். அதனால் எல்லோரும் அந்த நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தோம். நெருப்பு மந்திரித்து, பாஸ்காத் திரி ஏற்றி, இருட்டில் பவனி வந்து, பழைய ஏற்பாட்டு வாசகங்கள் முடிந்து, சாமியார் வானவர் கீதத்தைத் தொடங்குகிறார். மணி அடிக்கிறது. இப்போது எல்லா விளக்கும் எரிய வேண்டும்.

எரியவில்லை.

சுவிட்சுப் பெட்டியைத் தட்டுகிறார்கள். ஒன்றும் இல்லை, ஊரே இருட்டு. கீபோர்டுத் தம்பி கட்டையை அழுத்துகிறான், சத்தமே வரவில்லை. குழுவில் ஒரு பெண் தைரியமாக எடுத்தாள், சுருதி கொடுக்க ஆள் இல்லாமல் ஒரு குரல் மேலே போகிறது, ஒரு குரல் கீழே போகிறது, மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பது நாள் உழைப்பு நடுவர் அவர்களே, எனக்கே வயிற்றைப் பிசைந்தது. மணியடிக்கிற பையன் மட்டும் நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் அடித்துக்கொண்டே இருக்கிறான்.

அப்போது பெண்கள் பக்கம், தூண் ஓரத்திலிருந்து ஒரு குரல். கருவாடு விற்கிற ஒரு பாட்டி. தெருத்தெருவாகக் கூவிக் கூவிக் கரகரத்துப்போன தொண்டை. நம் எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டில் வானவர் கீதத்தை எடுத்தாள். முதல் வரி அவள் மட்டும்தான். இரண்டாம் வரியில் அவளைச் சுற்றி நின்ற பெண்கள். மூன்றாம் வரியில் ஆண்கள் பக்கம் சேர்ந்தது பாருங்கள், தடைக்காலத்துக்குக் கரை வந்த நானூறு ஆம்பளைக் குரல், கோவில் கதவு அதிர்ந்ததை வாசலில் நின்றிருந்த நான் கையில் உணர்ந்தேன்.

மறுபடியும் சொல்கிறேன், முதல் வரி ஒருத்தி. இரண்டாம் வரி பத்துப் பேர். மூன்றாம் வரி ஊர்.

பாட்டு முடிய ஒரு வரி இருக்கும்போது கரண்டு வந்துவிட்டது. விளக்கெல்லாம் எரிகிறது, கீபோர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, வாசித்திருக்கலாம். அந்தத் தம்பி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து எங்களோடு பாடினான். குழுப் பிள்ளைகள் எல்லோரும் பாடினார்கள். அழுதுகொண்டே பாடினார்கள்.

அந்தப் பாட்டியை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். என் அம்மாவைப் பெற்றவள்.

அவள் பிறந்தது தனுஷ்கோடியில். இன்றைக்கும் கூரை இல்லாமல் சுவர் மட்டும் நிற்கிறதே ஒரு கோவில், சுற்றுலா வருகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுக்கிறார்களே, அதற்குள் உட்கார்ந்து செபம் படித்த பிள்ளை. 1964 டிசம்பர் 22 இரவு கடல் ஊருக்குள் வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு மணல்மேட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள், சுற்றிலும் தண்ணீர், யார் இருக்கிறார்கள் யார் போனார்கள் என்று தெரியாத இருட்டு. காற்று கொஞ்சம் தணிந்த நேரத்தில் அவளுடைய அம்மா மாதா பாட்டு ஒன்றை எடுத்திருக்கிறாள். பாடவேண்டும் என்ற ஆசையில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராமல், பயந்துபோய், பாட்டை எடுத்தாள். அடுத்த மேட்டிலிருந்து ஒரு குரல் பல்லவியைத் திருப்பிச் சொன்னது. அது அவளுடைய தங்கச்சியின் குரல். அதற்கும் அப்பால் இன்னொரு குரல். விடிகிற வரைக்கும் பாடிக்கொண்டே இருந்தோம், பதில் வந்த குரலை எல்லாம் எண்ணிக்கொண்டோம் என்பாள் அம்மாச்சி. ஒரு திசையிலிருந்து மட்டும் பதிலே வரவில்லையாம், அதை அவள் சொல்லும்போதெல்லாம் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

பாஸ்கா இரவில் ஏன் அம்மாச்சி பாடினாய் என்று பிறகு கேட்டேன். "இருட்டா இருந்துச்சு, எல்லாரும் இருக்கீகளான்னு பாத்தேன்" என்றாள்.

போன வருடம் அவள் போய்விட்டாள். வேலை நாள், படகெல்லாம் கடலில், குழுவில் பாதிப் பேர் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது என் அம்மா பாட்டை எடுக்கப் பார்த்தாள், குரல் வரவில்லை. எனக்கும் வரவில்லை. எடுத்தது யார் தெரியுமா நடுவர் அவர்களே? அந்தக் கீபோர்டுத் தம்பி. இதோ, எதிரணியில் மூன்றாவது நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, இவன்தான். கருவி எதுவும் இல்லாமல், அம்மாச்சியின் பழைய மெட்டில், எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி இறக்கி எடுத்தான். நாங்கள் பதில் சொன்னோம்.

தம்பி, அடுத்து நீதான் பேசவேண்டும். பேசுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை எடு, இருக்கோமா என்று இந்தச் சனம் பதில் சொல்லட்டும்.