அட்கின் பிரபுவின் மாற்றுத் தீர்ப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலப் பொதுச் சட்டம் பயில்வோர் பிரிட்டிஷ் நீதிபதி அட்கின் பிரபுவின் பெயரை முதலில் அறிவது ஒரு நத்தை வழக்கினால்தான். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், இஞ்சிப் பானப் புட்டியில் அழுகிய நத்தை கிடந்ததாக எழுந்த அவ்வழக்கில், தம்மிடம் நேரடியாகப் பொருள் வாங்காத நுகர்வோரிடத்தும் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை உண்டு என்று 1932இல் அவர் வகுத்த நெறி உலகெங்கும் பரவிற்று. ஆயினும், 1941இல் சக நீதிபதிகளோடு மாறுபட்டு அவர் தனித்து நின்று எழுதிய மாற்றுத் தீர்ப்பே அதனினும் பெரிய கொடை என்பது என் உறுதியான கருத்து.

பகைவரோடு தொடர்புடையவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், ஒருவரை விசாரணையின்றிக் காவலில் வைக்க, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் ஒழுங்குவிதி 18பி உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. அவ்வாறு அடைக்கப்பட்ட ராபர்ட் லிவர்சிட்ஜ், அந்தக் காரணம் யாது என்று கேட்டார். அமைச்சர் நேர்மையாக நம்பினாலே போதும், காரணத்தை நீதிமன்றம் ஆராய வேண்டியதில்லை என்றனர், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் அவையின் நான்கு நீதிபதிகள். அவ்வாண்டு மே மாதக் குண்டுவீச்சில் நாடாளுமன்ற மக்களவைக் கூடமே சிதைந்திருந்தது. அந்த அச்சத்தை நாம் எளிதாகக் குறைத்து மதிப்பிடலாகாது. அத்தகைய வேளையில்தான், ஒருவருக்குக் கணுக்கால் முறிந்திருப்பது வேறு, முறிந்ததாக அவர் எண்ணுவது வேறு என்று எழுதிய அட்கின், ஆயுதங்கள் மோதும்போதும் சட்டம் ஊமையாவதில்லை என்றும், நீதிபதிகள் ஆட்சித்துறையையும் விஞ்சி ஆட்சியாளர் மனப்பான்மை காட்டுகின்றனர் என்றும் கண்டித்தார். கடுமையான ஒரு பகுதியை நீக்குமாறு நீதித்துறைத் தலைவரான லார்ட் சான்சலர் சைமன் பிரபு வேண்டியபோதும் அவர் இணங்கவில்லை.

1944இல் அவர் மறைந்தார். 1950இல் இலங்கைத் துணி வணிகர் நக்குடா அலியின் உரிமம் இரத்தான வழக்கில், இலங்கை போன்ற நாடுகளின் மேல்முறையீடுகளை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில் லிவர்சிட்ஜ் தீர்ப்பைப் பொதுவிதியாக ஏற்க மறுத்து, நியாயமான காரணம் மெய்யாகவே இருந்தாக வேண்டும் என்றது. வேறொரு காரணத்தால் அந்த வணிகர் தோற்றார் என்றாலும், அட்கினின் வாதம் அங்கு வென்றது. 1979இல், பெரும்பான்மையோர் தவறிழைத்தனர் என்பதைப் பிரபுக்கள் அவையிலேயே டிப்லாக் பிரபு ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையே, இந்தியாவின் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டு ஜபல்பூர் வழக்கில் லிவர்சிட்ஜ் தீர்ப்பின் பெரும்பான்மைக் கருத்து எடுத்தாளப்பட்டது. காவலில் இருந்தவர்களுக்கு நீதிமன்றக் கதவை அடைத்த அந்தத் தீர்ப்போடு, ஐவருள் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அதை உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகத் தள்ளுபடி செய்ய 2017 வரை ஆயிற்று.