ஜூலை வெயிலை ஜனவரிக்கு எடுத்து வைக்க முடியுமா? 52 வீடுகளின் கதை

[திரையில்: பனி மூடிய தெரு. வீடுகளுக்குப் பின்னால் வரிசையாகக் கார் கராஜ்கள். எல்லாக் கூரையும் தெற்கு நோக்கி ஒரே சாய்வில்.]

கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணம். கால்கரிக்குத் தெக்கே ஓகடாக்ஸ்னு ஒரு சின்ன ஊர். குளிர்காலத்துல மைனஸ் 33 டிகிரி வரைக்கும் இறங்கற இடம். அங்க டிரேக் லேண்டிங்னு ஒரு குடியிருப்பு, மொத்தம் 52 வீடு. 2015-16 குளிர்காலத்துல அந்த 52 வீட்டையும் கதகதப்பா வச்சிருந்தது முழுக்க முழுக்க சூரிய வெப்பம். அதுல பெரும்பங்கு, முந்தின கோடையில அடிச்ச வெயில்.

மாசக்கணக்கா அந்த வெயிலை எங்க வச்சிருந்தாங்க? பூமிக்கு அடியில. எப்படி வச்சாங்கன்னு பாக்கப் போறோம். அதோட, இவ்வளவு நல்லா ஓடின ஒண்ணை 2024-ல ஏன் நிறுத்தினாங்கன்னும் பாக்கணும். எனக்கு முதல் கேள்வியை விட இந்த ரெண்டாவதுதான் சுவாரசியமா படுது.

[திரையில்: மொட்டை மாடியில் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர்.]

நம்ம ஊர் மொட்டை மாடில இருக்கற சோலார் வாட்டர் ஹீட்டர் எல்லாருக்கும் தெரியும். பகல்ல தண்ணி சூடாகும், அது மறுநாள் காலைல குளிக்கற வரைக்கும் ஆறாம இருந்தா போதும். குளிர் நாட்டுல சிக்கல் வேற மாதிரி. வெயில் கொட்டறது ஜூன், ஜூலைல. அப்ப யாருக்கும் சூடு வேண்டாம். சூடு உயிர் போற அளவுக்கு வேணும்ங்கற டிசம்பர், ஜனவரில வெயில் சாய்வா விழும், சீக்கிரமே மறைஞ்சும் போயிடும். அப்ப சூட்டைப் பிடிக்கறது பெரிய விஷயமே இல்ல. பிடிச்சதை ஆறு மாசம் ஓடவிடாம வச்சிருக்கணும், அதுதான் வேலை.

ஒரு கணக்குப் போடுவோம்.

[திரையில்: 1,000 லிட்டர் × 50 டிகிரி = 58 யூனிட்]

1,000 லிட்டர் தண்ணியை 50 டிகிரி கூடுதலா சூடாக்கினா, அதுக்குள்ள சுமார் 58 யூனிட் வெப்பம் இருக்கும். கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்தான். குளிர் நாட்டுல ஒரு வீட்டுக்கு ஒரு சீசனுக்கு 12,000 யூனிட் வெப்பம் வேணும்னு வச்சுக்குவோம். வகுத்துப் பாருங்க, 2 லட்சம் லிட்டருக்கு மேல வருது. 12,000 லிட்டர் தண்ணி லாரி தெரியும்ல, அதுல 17 லாரி. ஒரே ஒரு வீட்டுக்கு. அதுவும் ஒரு பொட்டு சூடு கூட வெளிய கசியாதுன்னு நினைச்சுப் போட்ட கணக்கு.

இந்த ஆசை புதுசும் இல்ல. 1939-லயே அமெரிக்காவுல எம்ஐடில ஹாய்ட் ஹாட்டல்ங்கற பொறியாளர் தலைமைல ஒரு சின்ன சோதனை வீடு கட்டினாங்க. ரெண்டே அறை. அடித்தளத்துல 65,000 லிட்டர் பிடிக்கற தொட்டி. கோடைல கூரைல சூடான தண்ணியை அதுக்குள்ள சேத்து வச்சு, குளிர்காலம் பூரா ஓட்டினாங்க. வேலை செஞ்சுது. ஆனா வீட்டை விட தொட்டி பெருசா இருக்கற மாதிரி ஒரு கட்டடத்துக்கு யார் காசு கொடுப்பாங்க? விஷயம் அதோட நின்னுச்சு.

தொட்டியை எவ்வளவு நல்லா போத்தினாலும் சூடு வெளிய போறது அதோட மேற்பரப்பு வழியாத்தான். டம்ளர்ல ஊத்தின காபி பத்து நிமிஷத்துல ஆறிடும். கல்யாண வீட்ல அண்டாவுல கொதிச்ச தண்ணி, அடுப்பை அணைச்சு ரொம்ப நேரம் ஆனாலும் கையை விட முடியாது. ஒரு பாத்திரத்தோட நீளம், அகலம், உயரம் எல்லாத்தையும் ரெண்டு மடங்காக்கினா, உள்ள பிடிக்கற அளவு எட்டு மடங்காகும். சூடு தப்பிக்கற மேற்பரப்பு நாலு மடங்குதான் ஆகும். அதனால பெருசாக ஆக, ஒவ்வொரு லிட்டருக்கும் ஆகற நஷ்டம் குறைஞ்சுட்டே போகும். இதை ஞாபகம் வச்சுக்குங்க. இந்த வீடியோல மிச்சம் வர்றது எல்லாம் இந்த ஒரு கணக்குலதான் நிக்குது.

[திரையில்: ஓகடாக்ஸ் வரைபடம். கராஜ் கூரைகள், நடுவில் ஒரு சின்னக் கட்டடம், பக்கத்தில் புல்வெளிப் பூங்கா.]

இப்ப மறுபடி ஓகடாக்ஸ். 2007-ல இது ஓட ஆரம்பிச்சுது. கராஜ் கூரைகள் மேல மொத்தம் 800 சோலார் கலெக்டர். கரண்ட் எடுக்கற பேனல் இல்ல இது. கண்ணாடிக்கு அடியில குழாய் ஓடற தட்டு. குழாய்க்குள்ள வெறும் தண்ணி விட்டா முதல் பனிக்கே உறைஞ்சு வெடிச்சுடும். அதனால கிளைக்கால்ங்கற, உறையாம தடுக்கற திரவம் கலந்த தண்ணி.

ஜூலை மாசம், மதியம் ஒரு மணி. கூரைல சூடான திரவம் தரைக்கடியில போற குழாய் வழியா பூங்கா ஓரத்துல இருக்கற கட்டடத்துக்கு வருது. அங்க தன் சூட்டை ஒரு பெரிய தொட்டித் தண்ணிக்குக் கொடுத்துட்டு மறுபடி கூரைக்கே திரும்பிடுது. தொட்டி ரெண்டு, ரெண்டும் சேந்து 2,40,000 லிட்டர். ஆனா இது ஆறு மாச சேமிப்புக்கு இல்ல. பகல்ல சில மணி நேரத்துக்குள்ள 1.5 மெகாவாட் அளவுக்கு வெப்பம் வந்து கொட்டும். மண்ணால அவ்வளவு வேகமா உறிஞ்ச முடியாது. அதனால இந்தத் தொட்டி பகல்ல வாங்கி வச்சுக்கிட்டு, ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்குள்ள அனுப்பும்.

[திரையில்: பூங்காவின் குறுக்குவெட்டு. புல், களிமண், காப்பு அடுக்கு, அதற்குக் கீழே நேராக இறங்கும் குழாய்கள்.]

பூங்காவுல பிள்ளைங்க விளையாடற புல்தரைக்குக் கீழ 144 போர். ஒவ்வொண்ணும் 37 மீட்டர் ஆழம். நாம தண்ணிக்குப் போடற போர் மாதிரி நீரூற்றைத் தேடி இறங்கற வேலை இல்ல. ஒவ்வொரு துளைக்குள்ளயும் ஒரு பிளாஸ்டிக் குழாய் அடிவரைக்கும் போய், வளைஞ்சு, மேல வந்துடும். சுத்தி இருக்கற இடைவெளியைக் கலவை போட்டு அடைச்சிடுவாங்க. எல்லாத் துளையும் 35 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள்ள. மேல் பக்கம் மட்டும் சூடு வெளிய போகாம தடுக்கற காப்பு அடுக்கு, நீர் புகாத விரிப்பு, அதுக்கு மேல களிமண். பக்கவாட்டுலயும் அடியிலயும் ஒண்ணும் கிடையாது. மண்ணு வெப்பத்தை அவ்வளவு சோம்பேறித்தனமாத்தான் கடத்தும், அதனால அதுவே சுவராயிடுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது குழாய் இணைப்பு. ஆறு ஆறு துளையா சேத்து 24 வரிசை. ஒவ்வொரு வரிசையும் வட்டத்தோட நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துல முடியும். கோடைல சுடுதண்ணி முதல்ல நடுவுக்குத்தான் போகும். அங்க சூட்டை இறக்கி இறக்கி, ஓரத்துக்கு வரும்போது ஆறியிருக்கும். அப்ப நடு மண்ணு நல்லா சூடாவும், ஓரம் வெதுவெதுப்பாவும் இருக்கும். வெளி மண்ணைத் தொடற ஓரத்துல சூடு கம்மியா இருந்தா கசியறதும் கம்மி. குளிர்காலத்துல அப்படியே தலைகீழ். ஆறின தண்ணி ஓரத்துல நுழைஞ்சு, நடுவை நோக்கிப் போகப் போக சூடேறி, நடுவுல வெளிய வரும். ஒரே குழாய்தான், திசையை மாத்தறது மட்டும்தான் வேலை. நடு மண்ணு 80 டிகிரி வரைக்கும் போகலாம்னு கணக்கு போட்டு வடிவமைச்சிருந்தாங்க.

வீட்டுக்குள்ளயும் ஒரு மாற்றம் இருக்கு. கனடாவுல இருக்கறவங்க வீட்ல பேஸ்மெண்ட்ல கேஸ் ஃபர்னஸ் இருக்கும், சூடான காத்தை ஊதும். இங்கயும் ஊதறது காத்துதான், ஆனா நெருப்பு கிடையாது. குழாய்ல வர்ற வெந்நீர் அவ்வளவு சூடாவும் இருக்காது. அந்த மிதமான சூட்டை வச்சு அறையைச் சூடாக்க, அகலமான சுருள் வச்ச தனி இயந்திரம் வேணும். கடைல ரெடியா கிடைக்கற சரக்கு இல்ல இது. இதைக் கொஞ்சம் மனசுல வைங்க, பின்னாடி வரும்.

அப்புறம் பொறுமை. முதல் வருஷம் வீடுகளுக்கு வேண்டிய வெப்பத்துல பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் சூரியன் கொடுத்துச்சு; மிச்சத்துக்கு கேஸ். ஏன்னா சில்லுனு கிடந்த அவ்வளவு மண்ணு முதல்ல தான் சூடாகணுமே. போட்ட வெப்பத்துல பெரும்பகுதியை மண்ணு தனக்கே எடுத்துக்கிச்சு. வருஷத்துக்கு வருஷம் ஏறி, அஞ்சாவது வருஷம் 97 சதவீதத்தைத் தொட்டுச்சு. 2015-16-ல 100. இத்தனைக்கும், நல்லா ஓடின வருஷத்துலயே மண்ணுக்குள்ள போட்டதுல ஏறத்தாழ பாதிதான் திரும்பி வந்துச்சு. பாதி போச்சான்னு பதறாதீங்க. கோடை வெயிலுக்கு யாரும் பில் போடறதில்ல.

[திரையில்: 2024]

பில் வேற பக்கத்துலேர்ந்து வந்துச்சு. இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 70 லட்சம் கனடிய டாலர். ஆராய்ச்சிச் செலவும் சேந்துதான். 52-ஆல வகுத்தா வீட்டுக்கு 1,35,000 டாலர் கிட்ட. ஆல்பர்ட்டாவோ கேஸ் விளையற பூமி. அங்க குழாய்ல வர்ற கேஸ் சல்லிசு. அப்புறம் 17 வருஷம் ஓடின கருவிங்க ஒண்ணொண்ணா பழுதாக ஆரம்பிச்சுது. அதுக்குப் பொருந்தற மாற்றுப் பாகம் சந்தைல சுலபமா கிடைக்கல. ரிப்பேர் பண்ணி ஓட்டறது கட்டுப்படியாகாதுன்னு முடிவு பண்ணி, வீடுகளை கேஸ் ஃபர்னஸுக்கு மாத்தினாங்க.

இதைக் காட்டி "பாத்தீங்களா, சோலார் வெப்பமெல்லாம் சரிப்படாது"ன்னு சொல்றவங்க உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். மண்ணு தன் வேலையைச் செஞ்சுது. மாட்டிக்கிட்டது அளவுல. உலகத்துலயே வேற எங்கயும் இல்லாத ஒரு இயந்திரத்தை 52 குடும்பம் மட்டும் சேந்து காலத்துக்கும் பராமரிக்க முடியாது. 5,000 குடும்பம் இருந்திருந்தா, அதே மாதிரி 20 ஊர் இருந்திருந்தா, பாகம் செய்யறவனும் இருந்திருப்பான். அண்டா கணக்கு வெப்பத்துக்கு மட்டும் இல்ல, ஸ்பேர் பார்ட்ஸுக்கும் பொருந்தும்.

[திரையில்: டென்மார்க். வயல் நடுவில் ஏக்கர் கணக்கில் கலெக்டர்கள். பக்கத்தில் ஒரு பெரிய, தட்டையான, சாம்பல் நிற மூடி.]

அந்தப் பெரிய அளவைப் பாக்கணும்னா டென்மார்க் போகணும். அங்க கிட்டத்தட்ட மூணுல ரெண்டு வீட்டுக்குச் சூடு வர்றது ஊர்ப் பொதுக் குழாய்லதான். எங்கயோ ஒரு இடத்துல சூடாக்கின தண்ணி, தெருவுக்கடியில ஓடி, வீட்டு ரேடியேட்டருக்கு வந்துட்டுத் திரும்பும். ஜட்லாந்து பக்கம் இருக்கற நம்ம ஈழத் தமிழர்களுக்கு இது தினப்படி விஷயம், நான் விளக்கறதைப் பாத்து சிரிப்பாங்க. சின்ன ஊர்கள்ல அந்தக் கம்பெனி பல சமயம் சூடு வாங்கற ஜனங்களுக்கே சொந்தம். லாபம் வைக்காம, ஆன செலவுக்குத்தான் பில் போடணும்ங்கறது சட்டம்.

அதனால 20 வருஷக் கணக்குப் போட்டுப் பணம் இறக்க அவங்களால முடியுது. ஏரோ தீவுல மார்ஸ்டல்ங்கற ஊர்ல 33,000 சதுர மீட்டருக்கு கலெக்டர். 2012-ல 75,000 கன மீட்டர் தண்ணி பிடிக்கற குழி ஒண்ணு வெட்டினாங்க. வோயன்ஸ்ங்கற ஊர்ல இன்னும் பெருசு, 70,000 சதுர மீட்டர் கலெக்டர். 2015-ல, மண்ணள்ளின பழைய பள்ளம் ஒண்ணையே தொட்டியாக்கிட்டாங்க. கொள்ளளவு 2 லட்சம் கன மீட்டருக்கு மேல, அதாவது 20 கோடி லிட்டர். அதுல கான்கிரீட் கிடையாது, இரும்பும் கிடையாது. பள்ளத்துல தடிமனான பிளாஸ்டிக் விரிப்பு, உள்ள தண்ணி, மேல மிதக்கற காப்பு மூடி, அவ்வளவுதான். சுடுதண்ணி மேலயும் ஆறினது கீழயும் தானா தங்கிக்கும். தண்ணியைக் கலக்காம மெதுவா உள்ள விட்டா போதும். ஓகடாக்ஸ் மாதிரி முழுத் தேவையையும் சூரியனே தரணும்னு இவங்க பிடிவாதம் பிடிக்கல. பாதிக்குப் பக்கம் வந்தா போதும், மிச்சத்துக்கு கரண்ட்ல ஓடி வெளிச் சூட்டை இழுத்துக் கொடுக்கற ஹீட் பம்ப், மரச்சில்லு பாய்லர்னு எது கைல இருக்கோ அது.

இங்கயும் தலைவலி இல்லாம இல்ல. மூடிதான் அது. ஃபுட்பால் மைதானம் மாதிரி அகலமா ஒண்ணு தண்ணி மேல மிதக்குது. மழை பேஞ்சா மேல குட்டை குட்டையா தேங்கும், பம்ப் போட்டு இறைக்கணும். கீழேர்ந்து ஆவி புகுந்து காப்புப் பொருளை ஊற வச்சுடும். ஊறின காப்பு காப்பே இல்ல. 90 டிகிரில வருஷக்கணக்கா கிடந்தா பிளாஸ்டிக் விரிப்போட ஆயுசும் குறையும். மார்ஸ்டல்ல மூடியையே கழட்டிட்டுப் புது வடிவத்துல போட வேண்டியிருந்துச்சு. ஆனா போட்டாங்க. மூடி செய்யற கம்பெனி அந்த நாட்டுலயே இருந்துச்சு, வாங்கறதுக்குப் பக்கத்து ஊருங்க இருந்துச்சு.

[திரையில்: ஒரு வீட்டு பேஸ்மெண்ட். வெறும் சுவர்.]

கடைசியா ஒண்ணு. டொரண்டோலயோ ஒஸ்லோலயோ இருந்து இதைப் பாத்துட்டு, "எங்க வீட்டு பேஸ்மெண்ட்ல ஒரு தொட்டி வச்சு இதையே பண்ணலாமா?"ன்னு கேக்கத் தோணும். 17 லாரி தண்ணி பேஸ்மெண்ட்ல நிக்குமான்னு முதல்ல பாருங்க. அப்படியே நின்னாலும், ஒத்தை வீட்டுத் தொட்டி டம்ளர் ரகம்தான், ஜனவரிக்குள்ள பாதிக்கு மேல ஆறிடும். இதுக்குன்னு யாராவது தொட்டி விக்க வந்தா எத்தனை கன மீட்டர்னு மட்டும் கேளுங்க. 5, 10-னு சொன்னா அது ஒரு சில நாளைக்குத் தாங்கும். அந்தக் காசை அட்டிக்குல காப்புப் போடவும், ஜன்னல் இடுக்கை அடைக்கவும் செலவு பண்ணுங்க. ஓகடாக்ஸ்லயும் முதல்ல செஞ்சது அதைத்தான். அந்த 52 வீட்டையும் சாதாரண வீட்டை விடக் கூடுதல் காப்போட கட்டி முடிச்சாங்க. கலெக்டர் கணக்கே அதை வச்சுத்தான் போட்டது.