ஆறு வடியும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் வானவில் டிரவுட் மீனுக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு இதுவே மாநில மீன். அங்குள்ள ஒலிம்பிக் தீபகற்பத்து ஆறுகளுக்குக் குளிர்காலத்தில் தூண்டிலோடு வருபவர்களில் பலர், எந்த முறையில் பிடிப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு ஆறு ஒத்துழைக்கவில்லை என்று குறைப்படுகிறார்கள். என்ன நியாயம் இது?

மழை கொட்டி, ஆறு குச்சியும் சருகுமாகக் கலங்கி ஏறும்போது நடு ஆற்றில் வீசுவது வீண். இழுப்புக்கு ஒதுங்கி, மீன் கரையோரம் முழங்கால் ஆழத்தில்கூட நிற்கும். அவசரக்காரர் சரியாக அந்த இடத்தில் இறங்கி நின்றுகொண்டு, மீனைத் தாண்டி வீசுவார். கரையிலேயே நில்லுங்கள். கனமான ஈயத்தைக் கட்டி, நீரோட்டத்தில் தானாகச் சுழலும் பெரிய, பளிச்சென்ற போலி இரையை மீன் ஏறும் வழியில் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

மழை விட்டு, நீர் வடிந்து பச்சை நிறத்துக்குத் திரும்பும் நேரமே பொன்னான நேரம். பனிப்பாறை நீர் கலக்கும் ஹோ ஆறு தெளிய நாளாகும். சோல் டக் ஆறு முந்தித் தெளியும். அப்போது என் தேர்வு தக்கை. மனிதன் நடக்கும் வேகத்தில் நீர் ஓடும் இடமாகப் பாருங்கள். இரை தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்து வரும்படி ஆழத்தை அமைக்க வேண்டும். மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். நீர்மேல் கிடக்கும் தூண்டில் நரம்பு வளைந்து தக்கையை இழுத்தால், அடியில் இரையும் தாறுமாறாக ஓடும், மீன் ஏமாறாது. கோலை உயர்த்தி நரம்பை நீர் வரும் பக்கமாக எடுத்துப் போடுங்கள். தக்கை அமிழ்வதற்காகக் காத்திருக்க வேண்டாம். அது சற்றே தயங்கினாலும் கோலைச் சுண்டிவிடுங்கள்.

கல்லும் சலசலப்புமான ஆழமற்ற ஓட்டத்தில் தக்கையை விட ஈயமே மேல். அது கல்லில் தட்டித் தட்டி உருள்வது கோல்நுனி வழியாகக் கைக்குத் தெரியும். அந்தத் தட்டல் சட்டென நின்றால், கல்லாகவும் இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம்.

நீர் வற்றித் தெளிந்துவிட்டால் மெல்லிய நரம்பு, சின்ன இரை, மங்கிய நிறம், விடியற்காலை. செயற்கை ஈயைக் குறுக்கே வீசி ஓட்டத்தில் அலையவிடுவது அழகான கலைதான். ஆனால் நீர் 4, 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் மீன் சோம்பிக் கிடக்கும், துரத்தி வராது. அன்று இரையை அதன் மூக்கருகே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இந்த ஆறுகளில் இயற்கை இரைக்கும், படகிலிருந்து வீசுவதற்கும் அண்மைக் குளிர்காலங்களில் கட்டுப்பாடுகள் வந்திருக்கின்றன. புறப்படுமுன் அந்த ஆண்டின் விதிகளைப் படித்துவிடுங்கள். மீன் சிக்கியதும் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள சிறிய கொழுப்புத் துடுப்பைப் பாருங்கள். பண்ணையில் குஞ்சாகப் பொரித்து ஆற்றில் விடப்பட்ட மீனுக்கு வழக்கமாக அதை வெட்டியிருப்பார்கள். துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்ததாகக் கொள்ளுங்கள். நீரைவிட்டு வெளியே தூக்காமல், தூண்டில் முள்ளை எடுத்து அப்படியே விட்டுவிட வேண்டும்.

நன்றி.