பால் காய்ச்சும் முன்பே எழுதி முடிகிற கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மேசை மேல் இரண்டு செங்கல் வைத்திருக்கிறேன். ஒன்று, எங்கள் தெருவில் போன மாதம் இடித்த பழைய ஓட்டு வீட்டின் சுவரில் இருந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர். வேலைக்கு வந்த அம்மா ஒருவர் கரணையின் முதுகால் இரண்டு தட்டுத் தட்டினார். காரை மாவாக உதிர்ந்தது, செங்கல் முழுசாகக் கையில் வந்தது. இன்னொன்று பக்கத்து மனையில் இடித்த வீட்டுடையது. முப்பது வயதுகூட ஆகாத வீடு, சிமெண்டுக் கலவையில் கட்டியது. அதே அம்மா, அதே தட்டு. கலவை விடவில்லை, செங்கல்தான் உடைந்தது. பாதிதான் மிச்சம், பாருங்கள். முதல் செங்கல் இன்னொரு சுவருக்குப் போகும். இரண்டாவது பள்ளம் மூடப் போகும்.

நான் முப்பது வருடமாக வீடு கட்டும் தொழிலில் இருக்கிற பொறியாளன். வீடு என்றால் கரண்ட் பில், ஏசி, சோலார் என்றுதான் சுற்றுச்சூழல் பேச்சு போகும். அதெல்லாம் வேண்டிய பேச்சுதான். ஆனால் ஒரு வீட்டின் கார்பன் கணக்கில், அதாவது அந்த வீட்டால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் கணக்கில், பெரிய பங்கு, புதுமனை புகுவிழாவுக்கு அடுப்பில் பால் பொங்கும் முன்பே எழுதி முடிந்துவிடுகிறது. அப்புறம் அதை அழித்து எழுத முடியாது. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். நம் மேஸ்திரிகள் கைவிரலில் வைத்திருக்கும் கணக்கு போதும். ஆயிரம் சதுர அடி வீடு. சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்றால் 400 மூட்டை, அதாவது 20 டன். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ, ஆக 4 டன். செங்கல் ஒரு 9,000 என்று வைத்துக்கொள்வோம்.

ஓபிசி எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் ஒரு டன் செய்ய, சுமார் 850 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 20 டன்னுக்கு 17 டன். நம் நாட்டு எஃகு டன்னுக்குச் சராசரியாக இரண்டரை டன் வாயு, ஆகக் கம்பிக்கு 10 டன். செங்கல் எந்தச் சூளையில் சுட்டது, எதை எரித்துச் சுட்டது என்பதைப் பொறுத்து மாறும். 4 டன் என்று எழுதுங்கள். மணல், ஜல்லி, டைல்ஸ், அலுமினிய சன்னல், லாரி டீசல் எல்லாவற்றுக்கும் தோராயமாக இன்னொரு 4. மொத்தம் 35 டன்.

சரி, அந்த வீட்டில் குடியிருக்கிற குடும்பம் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவழிக்கிறது என்று வைப்போம். வருடத்துக்கு 2,400 யூனிட். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ வாயு. வருடத்துக்கு 1.7 டன்கூட வரவில்லை. அந்த 35 டன்னை இதால் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 20 வருட மின்சாரம். ஒரு விளக்கைக்கூடப் போடாமல், அந்த 20 வருடத்தையும் முன்கூட்டியே செலவழித்துவிட்டுத்தான் வாசலில் மாவிலை கட்டுகிறோம். இனி காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட, யூனிட்டுக்கு உள்ள அந்த 0.7 குறைந்துகொண்டே போகும். ஊற்றிய கான்கிரீட்டின் கணக்கு அப்படிக் குறையாது.

சிமெண்டில் ஏன் இவ்வளவு என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். அரியலூர்ப் பக்கம் போயிருப்பீர்கள். அந்தச் சுண்ணாம்புக்கல் ஒரு காலத்தில் கடலடி. இன்றும் சுரங்கத்தில் கிளிஞ்சல் படிவங்களைப் பொறுக்கலாம். டைனோசர் காலத்துக் கடல் உயிர்கள் தங்கள் ஓட்டுக்குள் பிடித்து வைத்த கார்பன் அது. அந்தக் கல்லை 1,450 டிகிரி வரை சூடேற்றித்தான், அரைத்தால் சிமெண்ட் ஆகும் கிளிங்கர் உருண்டைகளை எடுக்கிறார்கள். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். நிலக்கரிப் புகை இதில் சேராது, அது தனி. சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்த 44 கிலோ போகத்தான் செய்யும். கல்லின் இயல்பே அது. அதனால் கிளிங்கரைக் குறைப்பதுதான் முதல் வழி.

அதற்கு ஆராய்ச்சிக்கூடம் போக வேண்டாம், கடையிலேயே இருக்கிறது. பிபிசி என்று மூட்டையில் போட்டிருக்கும், சாம்பல் கலந்த சிமெண்ட். அனல்மின் நிலையத்துச் சாம்பலை 35 சதவீதம் வரை கலக்கத் தர விதி அனுமதிக்கிறது. நம் வீட்டில் ஓபிசிக்குப் பதில் பிபிசி போட்டால் 5 டன் வரை மிச்சம். பிறகு ஏன் பல இடங்களில் 53 கிரேடு ஓபிசிதான் வேண்டும் என்கிறார்கள்? சாம்பல் கலந்த சிமெண்ட் மெதுவாகப் பலமேறும். கான்கிரீட்டைத் தாங்கும் பலகையைப் பிரிக்க நாலு நாள் கூடப் பொறுக்க வேண்டும், தண்ணீர் ஊற்றுவதும் ஏழு நாள் போதாது, பத்து நாளாவது வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு ஒவ்வொரு நாளும் வாடகை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நாலு நாளுக்கு உரிய காசை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள் என்று வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து வருவது எல்சி3 என்ற புது வகைச் சிமெண்ட். பாதி கிளிங்கர், மீதியில் சுட்ட களிமண், சுண்ணாம்புக்கல் தூள், கொஞ்சம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 800 டிகிரி சுமாருக்குப் போதும். வாயு 40 சதவீதம் வரை குறையும். சென்னை, தில்லி, மும்பை ஐஐடிகள் சுவிட்சர்லாந்துக்காரர்களோடு சேர்ந்து இதில் பல வருடம் உழைத்திருக்கின்றன. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இதற்குத் தனித் தரநிலையே கொடுத்துவிட்டது. நம் ஊர்க் கடைக்கு வரும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

கம்பிக்கு வருவோம். எல்லாத் தளத்திலும் நடக்கும் ஒரு காட்சி. கம்பி கட்டி முடிந்திருக்கும், மறுநாள் கான்கிரீட். சாயங்காலம் வீட்டுக்காரர் வருவார், கூடவே அவர் மச்சான் வருவார். "எதுக்கும் கூட ரெண்டு கம்பி போட்ருங்க சார், மனசுக்குத் திருப்தியா இருக்கும்" என்பார்கள். மேஸ்திரியும் தலையாட்டுவார். வரைபடக் கணக்குப்படி அந்த இரண்டு கம்பி தேவையே இல்லை. ஒரு தூணுக்கு 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டு, பத்தடி உயரம் என்றால் ஐந்தரைக் கிலோ எஃகு. வாயு பதினாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பதினாறு தூணுக்குப் பெருக்கிப் பாருங்கள். இதைவிடப் பெரிய கேள்வி, தூணே வேண்டுமா என்பது. தரைதளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டை, நல்ல மண்ணில், தூண் இல்லாமல் சுவரே பாரத்தைத் தாங்கும் சுமைதாங்கிச் சுவரில் தாராளமாகக் கட்டலாம். கரிசல் மண் என்றால் வேறு. அங்கே பொறியாளரைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். இன்று ஒற்றைத்தள வீட்டுக்கும் தூண் நிறுத்தி, பீம் போட்டு, பிறகு நடுவில் அதே அளவுக்குச் செங்கல் சுவரும் வைக்கிறோம். இரண்டு வீட்டுக்கான பொருளை ஒரு வீட்டில் போடுவது இது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் செய்து காட்டியதைப் போய்ப் பாருங்கள். செங்கலைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் கால்வாசிச் செங்கல் மிச்சம். அந்த இடைவெளிக் காற்று வெயிலையும் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் பாரம் சுமக்காத இடங்களில் பழைய ஓட்டை வைத்து ஊற்றினார். அவ்வளவு சிமெண்ட் மிச்சம். ஆரோவில்லின் மண் கட்டுமான நிறுவனத்தில், கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திய மண் கட்டியில் மாடி வீடே கட்டுகிறார்கள். அந்தக் கட்டிக்குச் சூளையே கிடையாது. நம் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். கண்ணாடி மேல் சாயக் கலவை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பதோடு சரி, நெருப்பே படுவதில்லை.

இவ்வளவும் சொன்னேன். ஆனாலும் எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் வீட்டின் அளவில்தான் இருக்கிறது. வரைபடம் போட உட்காரும்போது "தீபாவளி பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்தால் தங்க ஒரு ரூம்" என்பார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது, நானும் அப்பாதான். ஆனால் வருடத்தில் ஆறு நாள் புழங்கும் அந்த அறைக்கு, குளியலறையோடு சேர்த்து 180 சதுர அடி. நம் கணக்கில் 6 டன்னுக்கு மேல். கூடத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாய் போடலாம் என்று இரண்டு குடும்பங்களை என்னால் சம்மதிக்க வைக்க முடிந்தது. அவர்கள் இன்றும் பொங்கலுக்கு எல்லோரும் ஒரே கூடத்தில்தான் படுக்கிறார்கள்.

இனி ஆயுள். ஐரோப்பாவில் 2011-ல் வந்த 15978 என்ற தரநிலை இந்தக் கணக்கை ஏ, பி, சி என்று கூறு போட்டு வைத்திருக்கிறது. கல் வெட்டுவதிலிருந்து வீடு எழும்புவது வரை ஏ. குடியிருக்கும் காலமும் பழுதுபார்ப்பும் பி. இடிப்பது சி. டென்மார்க் 2023 முதல் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு, சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 12 கிலோ கரியமில வாயு என்று சட்ட வரம்பே வைத்தது. கணக்கு 50 வருடத்துக்கு. 2025-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். நம்மிடம் 2018-ல் வந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, சுவர் வழியும் சன்னல் வழியும் உள்ளே வரும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது பி கூறில் ஒரு பகுதிதான்.

நம் 35 டன்னை 93 சதுர மீட்டருக்கும் 50 வருடத்துக்கும் வகுத்தால், சதுர மீட்டருக்கு வருடத்துக்கு ஏழரைக் கிலோ. அதே வீட்டை 25 வருடத்தில் இடித்தால் பதினைந்து. ஒரு மூட்டை சிமெண்ட் கூடவில்லை, ஆயுள் பாதியானதால் கணக்கு இரட்டிப்பானது.

இதை நான் ஒரு கடலோர ஊரில் கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில் போட்ட வீடு. பதினாலாம் வருடம் அந்த வீட்டு அம்மா போன் செய்தார், சன்ஷேடு பெயர்ந்து விழுகிறது என்று. போய்ப் பார்த்தால் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்திருந்தது. தட்டினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கான்கிரீட் கனம் இல்லை. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டியான கவர் பிளாக்குக்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லியை வைத்திருக்கிறார்கள், கால் பட்டதும் அது நழுவிவிட்டது. நான் கான்கிரீட் ஊற்றும் முன் குனிந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. சன்ஷேடு முழுவதையும் இடித்து மறுபடி ஊற்றினோம். அதன் வாயுவும் அந்த வீட்டுக் கணக்கில்தான் ஏறும். சில ரூபாய் விலையுள்ள ஒரு கவர் பிளாக், பத்து நாள் ஒழுங்கான தண்ணீர்: வீட்டின் ஆயுளைக் கூட்ட இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

பி கூறில் இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய ஏசியில் இருக்கும் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு ஒரு கிலோ கசிந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம். வீட்டின் ஒரு வருட மின்சாரத்தைவிட அதிகம். ஏசியைக் கழற்றி மாட்டும்போது மெக்கானிக் குழாயைத் திறந்து புஸ்ஸென்று விடுவார். "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழட்டுங்க தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாயுவை வெளி யூனிட்டுக்குள்ளேயே இழுத்துப் பூட்டிவிட்டுக் கழற்ற அவருக்குத் தெரியும், கேட்டால் செய்வார். வாங்கும்போது ஆர்-32 என்று பார்த்து வாங்கினால், பூமியைச் சூடாக்கும் அதன் வீரியம் மூன்றில் ஒரு பங்குதான்.

வாசலில் நாற்பது பக்க நோட்டு ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் இன்று சொன்ன எண்களை அச்சடித்திருக்கிறது: சிமெண்ட், கம்பி, செங்கல், யூனிட். உங்கள் தளத்தில் தினமும் காலி மூட்டையை எண்ணி எழுதுங்கள். வரைபடம் கையில் இருப்பவர்கள் இங்கேயே முன்னால் வாருங்கள், கான்கிரீட் ஊற்றும் முன் ஒரு முறை சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். செங்கல் இரண்டும் மேசையில்தான் இருக்கும், எடுத்துத் தட்டிப் பாருங்கள்.